வெள்ளாற்றங்கரையின் பெருநாள் பணியாரங்கள்: அரிசி வீடும் கோதுமை விருந்தும்

பெருநாள் இனிப்பு என்றதும் இன்று நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருபவை கேக், பிஸ்கட், சேமியாப் பாயசம் ஆகியவையே. மூன்றும் கோதுமையின் பிள்ளைகள். கோதுமை உடலுக்கு ஒவ்வாத ஒருவர் குடும்பத்தில் இருந்துவிட்டால், பெருநாள் காலையில் அவர் தட்டில் வைக்க ஒன்றுமில்லாமற் போகிறது. உடனே கைப்பேசியைத் திறந்து மேல்நாட்டுச் சமையற் குறிப்புகளைத் தேடுகிறோம். நம் ஊர் மளிகைக் கடைக்காரர் பெயரே கேட்டிராத மாவுகளையும் பசைகளையும் பட்டியலிடுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் புவனகிரியிலோ பரங்கிப்பேட்டையிலோ வாழ்ந்த ஓர் உம்மாவிடம் இந்தக் கவலையைச் சொல்லியிருந்தால் அவருக்கு அது விளங்கியிருக்குமா என்பதே ஐயம். அவருடைய அடுப்படியில் அரிசிதான் வீட்டுக்காரி. கோதுமை எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரியான கதை மிக அண்மைக் காலத்தது. அதைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

வெள்ளாற்றின் வடகரையில் உள்ள புவனகிரியிலிருந்து ஆற்றோடு கிழக்கே போனால், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அவ்வூருக்கு மூன்று பெயர்கள். போர்த்துக்கீசியர் 'புதிய துறைமுகம்' என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றார்கள். முஸ்லிம் ஆட்சியாளர் காலத்தில் மஹ்மூது பந்தர் என்ற பெயர் வழங்கியது. பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். மூன்றாவது பெயரில் உள்ள பரங்கியும் நம் கடல்வழியே வந்த சொல்தான். ஐரோப்பியரை அரபியரும் பாரசீகரும் 'ஃபரங்கி' என்று அழைத்தது தமிழில் பறங்கியாகி, பேட்டையோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட வரலாற்று நூல்களில் இவ்வூர் ஒரேயொரு வரியில் வரும்: 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதிய இடம். அந்த ஒருநாள் போருக்கு முன்னும் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கிருந்து துணி ஏற்றிச் சென்ற கப்பல்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அக்கப்பல்கள் அச்சே, மலாக்கா, கெடா, பர்மாத் துறைமுகங்களுக்குச் சென்றன. அவற்றின் வணிகர்களில் பலர் 'சூலியா' என்று ஐரோப்பிய ஆவணங்கள் குறிக்கும் தமிழ் முஸ்லிம்கள். சோழமண்டலக் கரையின் கைத்தறித் துணிக்கு அந்நாடுகளில் இருந்த வரவேற்பு அவ்வளவு. போகும்போது துணி; வரும்போது பாக்கு, தகரம், மிளகு. ஏற்றுமதிக் கணக்கில் எழுதப்படாத ஒன்றும் அந்தக் கடல்வழியில் பரவியது. அது சமையல்.

நோன்பு திறக்கும் வேளையில் நம் கடற்கரை ஊர்களில் தட்டில் நடுங்கிக்கொண்டு நிற்கும் கடல்பாசியை எடுத்துக்கொள்வோம். அகர் அகர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயர் மலாய்ச் சொல். கீழக்கரையின் தொதல், மலாய் நாட்டின் டோடோல். பெயரும் மாறவில்லை, செய்முறையும் மாறவில்லை: அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது வெல்லம், பிறகு கை ஓயும்வரை கிண்டுதல். வட்டிலப்பத்தின் கதை இன்னும் சுவையானது. டச்சுக்காரர் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சாவகத் தீவுகளிலிருந்து போர்வீரர்களையும் நாடு கடத்தப்பட்டோரையும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். அவர்களே இலங்கை மலாய் முஸ்லிம்களின் முன்னோர். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் இந்தப் பண்டம் அவர்களோடு வந்தது என்பதே பரவலான கருத்து. ஆனால் பெயர் தமிழ்: வட்டிலில் வேகும் அப்பம். மலாயக் கைகள் சமைத்ததற்குத் தமிழ் நா பெயரிட்டு, இரு கரை முஸ்லிம்களுக்கும் பொதுவான பெருநாள் உணவாக்கிக்கொண்டது.

இந்த மூன்றிலும் கோதுமை ஒரு துளியும் இல்லை. எவரும் திட்டமிட்டு விலக்கியதால் அமைந்ததன்று. மண்ணின் தானியம் நெல். மரம் தென்னையும் பனையும். சிதம்பரம் வட்டாரத்தின் நெல்வளத்துக்குப் பின்னால் பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரியும், 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய கீழணையும் இருக்கின்றன. அந்த அரிசியைக் கொண்டுதான் நம் முன்னோர் நோன்புக் கஞ்சி காய்ச்சினர், இடியப்பம் பிழிந்தனர், இறைச்சிக் குழம்புக்கு ஒறட்டி சுட்டனர். மார்க்கச் சட்டமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி நோன்புப் பெருநாள் தர்மமாகிய ஃபித்ராவை அந்தந்த ஊரின் முதன்மை உணவாகக் கொடுக்க வேண்டும். அதனால் கடற்கரை ஊர்களில் ஆளுக்கு ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ 2.5 கிலோ, அரிசியாகவே அளக்கப்படுகிறது. இன்றும் தமிழ்நாட்டு அரசு ரமலானில் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென வழங்குவது பச்சரிசியே.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பெருநாளுக்கு மாவுப் பண்டம் சுடுவது முஸ்லிம் உலகின் பழைய வழக்கமாயிற்றே, அதில் கோதுமைதானே முதன்மை? உண்மைதான். எகிப்தில் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாத்திமிய கலீஃபாக்கள் 'தாருல் ஃபித்ரா' என்றொரு அரசுக் கூடத்தையே நிறுவினார்கள். நோன்புப் பெருநாளில் மக்களுக்கு வழங்க வேண்டிய இனிப்புகளையும் கஅக் எனப்படும் மாவுப் பண்டங்களையும் பெரும் அளவில் சுட்டு அடுக்குவதே அதன் வேலை. மக்ரீஸீ என்னும் வரலாற்றாசிரியர் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கெய்ரோவில் இன்றும் பெருநாளுக்கு முந்திய வாரம் வீடுதோறும் கஹ்க் சுடும் மணம் எழும். நைல் கரையில் கோதுமை விளைந்தது, அவர்கள் கோதுமையில் சுட்டார்கள். வெள்ளாற்றங்கரையில் நெல் விளைந்தது, நாம் அரிசியில் செய்தோம். பெருநாளுக்கென்று எந்த மாவும் சுன்னத்தாக வகுக்கப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படும் முன் பேரீச்சம் பழங்களை ஒற்றைப்படையாக உண்பார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பதை புகாரீயில் காண்கிறோம். பெருநாளின் முதல் இனிப்பு பேரீச்சை. அதற்கு அடுப்பே தேவையில்லை.

இனிப்புக்குச் சர்க்கரை வந்த கதையும் நம் மாவட்டத்துக் கதைதான். கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் 1842இல் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று அதைச் சொல்வார்கள். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஊர் அது. அதுவரை கருப்பட்டியும் வெல்லமுமே நம் பணியாரங்களின் நிறத்தையும் மணத்தையும் தீர்மானித்தன. வெள்ளைச் சர்க்கரை மலிந்த பிறகே வெளிறிய நிறமுள்ள பண்டங்களுக்கு மதிப்புக் கூடியது. எங்கள் கருத்தில் வட்டிலப்பத்துக்கு வெள்ளைச் சர்க்கரை போடுவது அதற்குச் செய்யும் அநியாயம், விருப்பம் அவரவருடையது.

அடுப்பில் சுடும் பண்டங்களில் நம் வீடுகளுக்குள் முதலில் நுழைந்தவற்றுள் ஒன்று நானகத்தான். அதன் பிறப்பிடமாக சூரத் சொல்லப்படுகிறது. அங்கே டச்சுக்காரருக்காக நடந்த ரொட்டி அடுப்பு பின்னர் ஒரு பார்சியின் கைக்கு வந்தது. கள் ஊற்றிப் புளிக்கவைத்த ரொட்டியை ஊரார் வாங்கத் தயங்கியதால், கள்ளும் முட்டையும் இல்லாத இந்தப் பிஸ்கட்டை அவர் செய்யத் தொடங்கினார் என்பது வழிவழியாக வரும் கதை. கதை எப்படியாயினும், போதைப் பொருள் கலவாத சுட்ட பண்டம் என்பதால் முஸ்லிம் வீடுகளில் அதற்குத் தடை இருக்கவில்லை. பெயரின் முதற்பாதியாகிய 'நான்' ரொட்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல். மின்னடுப்பு வருமுன் வீட்டில் சுட்டவர்கள் பாத்திரத்துக்குக் கீழே தணல், மூடியின் மேலும் தணல் என்று 'தம்' போட்டார்கள். தென்னாட்டு முஸ்லிம் ஊர்கள் சிலவற்றில் பெண்கள் மாவை வீட்டில் உருட்டித் தட்டில் அடுக்கி, ரொட்டிக் கடை அடுப்புக்கு அனுப்பிச் சுட்டு வாங்கினார்கள். ரவையில் செய்யும் தம்ரூட்டும் இதே அடுப்பின் உறவுதான்.

இவையெல்லாம் இருந்தும் கோதுமை அன்று அரிய பொருளாகவே நீடித்தது. நிலைமையைப் புரட்டிப் போட்டது இரண்டாம் உலகப் போர். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. சென்னை மாகாணத்துக்குப் பெருமளவில் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி அன்றோடு நின்றது. பர்மாவில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள் பலர் எல்லாவற்றையும் விட்டு நடந்தே ஊர் திரும்பிய காலம் அது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமையும் பிற தானியங்களும் அளக்கப்பட்டன. அரிசி உண்டே பழகியவர்கள் கோதுமையை எப்படிச் சமைப்பதென்று தெரியாமல் தடுமாறினார்கள். விடுதலைக்குப் பின்னும் பஞ்சம் தீரவில்லை. அமெரிக்காவின் 'பி.எல். 480' சட்டத்தின்கீழ் 1956இல் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு கப்பல் கப்பலாகக் கோதுமை வந்திறங்கியது. மைதா மலிந்தது; பரோட்டாக் கடைகள் பெருகின; பேக்கரிகள் சிற்றூர்களுக்கும் வந்தன. இரண்டு தலைமுறைக்குள் பெருநாள் தட்டு நிறம் மாறியது. தொதல் கிண்ட நான்கு பேர் வேண்டும், அரைநாள் வேண்டும். கேக்கைப் பெட்டியில் வாங்கிவிடலாம். மாற்றத்தைக் குறைசொல்ல முடியாது. பசித்தவர்களுக்கு அந்தக் கோதுமை உணவாயிற்று என்பதை மறப்பது நன்றியின்மை.

அதே போர்தான் உலகின் இன்னொரு மூலையில், கோதுமையால் சிலருக்கு வரும் நோயை அடையாளம் காட்டியது. ஒரு காலத்தில் பரங்கிப்பேட்டையில் பண்டகசாலை வைத்திருந்த டச்சுக்காரரின் தாய்நாட்டில், 1944–45 குளிர்காலத்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைக்கவில்லை. வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவரின் பொறுப்பில் சீலியாக் நோயுற்ற பிள்ளைகள் இருந்தனர். ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, வளர்ச்சியின்மை ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். நோயை 1888இலேயே லண்டனில் சாமுவேல் ஜீ விவரித்திருந்தாலும் காரணம் தெரியாமலிருந்தது. போருக்கு முன்பே டிக்கேவுக்கு ரொட்டியின்மீது ஐயம் இருந்தது. ஊரே மெலிந்த அந்தக் குளிர்காலத்தில் இப்பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பின்னர் ரொட்டி வந்ததும் நோய் திரும்பியது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டில் இதை நிறுவினார். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதமே குற்றவாளி என்பது அதைத் தொடர்ந்து தெளிவாயிற்று. மாவைப் பிசையும்போது இழுபடும் பசை அதுதான். வாற்கோதுமையிலும் அதன் உறவுப் புரதம் உண்டு. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, பயறு வகைகள் எதிலும் இல்லை.

இது வடநாட்டார் நோய், நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு 2016இல் வெளியான ஓர் ஆய்வு எண்ணிப்பார்க்கத் தக்கது. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்தார்கள்; தெற்கே வேலூர்ப் பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது. சீலியாக் நோய் வடக்கே 1.23 விழுக்காடு, தெற்கே 0.10 விழுக்காடு. இந்நோய்க்கு இடமளிக்கும் மரபணு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வேறுபட்டது உண்ணும் கோதுமை: வடக்கே நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். நம் பாட்டிமார் அடுப்படி நம்மைக் காத்து வந்திருக்கலாம் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. காலையில் சப்பாத்தி, இரவில் பரோட்டா, இடையில் பிஸ்கட் என்று அந்த 25 கிராம் ஏறிக்கொண்டே போனால் கணக்கு எப்படி மாறும் என்பதை மருத்துவர்கள் கவனிக்கட்டும்.

எண்ணிக்கை சிறிதாயினும் அந்த ஒருவர் நம் வீட்டில் இருக்கும்போது அது சிறிதன்று. பெருநாள் என்பது வீடு வீடாகப் போய் உண்ணும் நாள். ஒவ்வொரு வாசலிலும் "வேண்டாம் மாமி" என்று சொல்லிச் சொல்லி வாடிய முகத்தோடு திரும்பும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். "பெருநாளும் அதுவுமா ஒரு துண்டு தின்னா என்ன ஆயிடப்போவுது?" என்று அன்போடு வற்புறுத்துவோர் உண்டு. அந்த ஒரு துண்டு அவர்களின் குடலைப் புண்ணாக்கும். வலி உடனே தெரியாமலும் இருக்கலாம். நோயாளிக்கு நோன்பிலேயே சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. பணியாரத்தில் பிடிவாதம் காட்டுவது விருந்தோம்பலில் சேராது. சுன்னத்தான உணவு என்று சொல்லித் தல்பீனாவைக் கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். அது வாற்கோதுமையில் செய்வது. சீலியாக் நோயுள்ளவருக்கு ஆகாது. தேனும் பேரீச்சையும் இருக்கின்றன. இன்னொன்று: நோய் இருக்குமோ என்ற ஐயம் வந்ததும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தியபின் எடுக்கும் இரத்தச் சோதனை தவறாக 'இல்லை' என்று காட்டிவிடும். சோதனை முதலில், பத்தியம் பிறகு.

இனி அடுப்படிக்கு வருவோம். வட்டிலப்பத்துக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. கருப்பட்டி 250 கிராமைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி ஆறவிட்டு, அடித்த 6 முட்டையும் கெட்டித் தேங்காய்ப்பால் 250 மில்லியும் ஏலக்காயும் சேர்த்து இன்னொரு முறை வடிகட்டி, வட்டிலை மூடி, இளந்தீயில் 40 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். இங்கே பண்டத்தைப் பிடித்து நிறுத்துவது முட்டையின் புரதம். தீ கூடினால் அது சுருங்கி, உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடும்.

நானகத்தானுக்குத்தான் சற்று வேலை. பாரசீகத்தில் கெர்மான்ஷா நகரின் புகழ்பெற்ற பண்டம் 'நானே பிரிஞ்சி'. அரிசி ரொட்டி என்றே பொருள். அரிசி மாவும் ஏலக்காயும் பன்னீரும் சேர்த்துச் சுடுவது, நவ்ரூஸ் நாளுக்குரியது. கடலை மாவில் செய்யும் 'நொகோத்சி'யும் அங்கே உண்டு. நம் நானகத்தானின் உறவினர் வீட்டிலேயே கோதுமை இல்லாத வழி இருக்க, வேறெங்கும் தேடுவானேன்? பச்சரிசி மாவு 150 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், நெய் 110 கிராம், ஏலக்காய். நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை தேய்த்து மாவு சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அரிசி மாவு நெய்யை மெதுவாகத்தான் வாங்கும். 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். பிடித்து வைக்கும் பசை இல்லாததால் சூட்டோடு எடுத்தால் கையில் பொடியாகும். தட்டிலேயே முழுதும் ஆறட்டும்.

பண்டத்தில் கோதுமை சேர்க்காவிட்டாலும் அது வேறு வழியில் வந்துவிடும். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும். முறுக்கு மாவில் அது போய்ச் சேரும். அதிரசம் உடையாமலிருக்க ஒரு கைப்பிடி மைதா போடுவோர் உண்டு. சமோசா பொரித்த எண்ணெயிலேயே அச்சுமுறுக்கும் பொரிந்தால் பயனில்லை. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்க, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாதென்பது இந்திய உணவுத் தர ஆணையத்தின் வரம்பு. அவ்வளவு சிறிய அளவே கணக்கில் வருகிறது.

எல்லாவற்றிலும் பெரிய இடர் மாவு மில். பெருநாளுக்கு முந்திய வாரத்தில் அங்கே கோதுமை அரைத்த கல்லில் அடுத்து நம் அரிசி விழும். முதல் ஆளாகப் போனாலும் முந்திய நாள் மாவு கல்லில் ஒட்டியிருக்கும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீர் வடித்து, துணியில் நிழலில் பரப்பி, கையில் ஒட்டாத ஈரப்பதத்தில் வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்து, வாணலியில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிடுவதே பழைய முறை. அதுவே பாதுகாப்பான முறையும். சல்லடையும் கரண்டியும் தனியாக இருக்கட்டும். டப்பாவின்மேல் பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதி வையுங்கள். உதவிக்கு வரும் மாமியோ மச்சியோ பரோட்டா மாவு அள்ளிய கரண்டியை அவசரத்தில் அதற்குள் விடமாட்டார்கள்.